வாசகர் கேள்வி – பதில்: விடிய விடிய நாடகம், விட்டு விட்டு மேளம்

கேள்வி: சென்னையிலிருந்து மகனும் மருமகளும் பங்குனித் திருவிழாவுக்கு வருகிறார்கள். போன தடவை வள்ளி திருமணம் நாடகம் பார்க்க உட்கார்ந்து, ‘வெறும் காமெடியா இருக்கு’ என்று 12 மணிக்கே எழுந்து வந்துவிட்டார்கள். பாட்டு கேட்க எப்போது போகவேண்டும்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: பாட்டு சூடுபிடிக்கிற நேரம் பார்த்து எழுந்து வந்திருக்கிறார்கள், ஆச்சி! நோட்டீஸில் 10 மணி என்று போட்டிருந்தால், முதலில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பலவகைத் தாளக் கருவிகளை ஒருவரே வாசிப்பது), தாளம் நான்கும் சேர்ந்து கூட்டத்தை உட்கார வைக்கும். அடுத்து பபூன் (கோமாளி) வருவார். பின்னாலேயே டான்ஸ் (ஆடுகிற நடிகை) வந்து, இருவரும் அடிக்கிற லூட்டியில் நள்ளிரவு தாண்டிவிடும். அதற்கப்புறம்தான் ராஜபார்ட் (கதாநாயக நடிகர்) வருகை. வள்ளி வரும்போது ஊரில் பாதி தூங்கியிருக்கும். பாட்டும் பேச்சுமாகப் போகும் நாரதர்–வள்ளி தர்க்கமும், வேடனாக வந்த முருகன்–வள்ளி தர்க்கமும்தான் நாடகத்தின் உயிர். இரண்டும் பின்னிரவுச் சரக்கு. ஆகவே 8 மணிக்கு இரண்டு இட்லியோடு நிறுத்தி, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, 12 மணிக்குப் பாயும் துண்டுமாகப் போகச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிக் கெடுபிடியால் 7, 8 மணிக்கே தொடங்குகிற ஊர்களும் இருக்கின்றன. அங்கே இந்தக் கணக்கை முன்னே தள்ளிக்கொள்ளவேண்டியதுதான்.

இதை ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பது ஏன் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் ருசி கூடும். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், பபூன் வேறு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் சேர்க்கிறார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்டுக்கொடுத்த பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் வண்டி ஓடுகிறது. நடுவில் வருகிற வாதமெல்லாம் அந்த நேரத்துப் பேச்சு. எதிராளி எங்கே மடக்குவார் என்று இவருக்குத் தெரியாது.

கவனிக்கவேண்டிய ஆள் ஆர்மோனியக்காரர். நடிகர் விருத்தத்தை (தாளமில்லாமல் இழுத்துப் பாடும் பாட்டை) எடுத்ததும் அவர் கட்டையை, அதாவது பாடுகிறவரின் சுருதியைப் பிடித்து, பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் அதே சங்கதியைத் திருப்பி வாசிப்பார். வள்ளிக்கும் வேடனுக்கும் கட்டை ஒத்துவராத நாளில் ஒருவர் தன் தொண்டையை வருத்திப் பாடவேண்டி வரும். அன்றைக்கு வசனம் நீளும், பாட்டு குறையும். ‘இன்னிக்கு சரியில்லையே’ என்று கூட்டம் முனகுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆர்மோனியம் இருக்கும் பக்கமாக, மேடையிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி உட்காருங்கள். பல ஊர்களில் மேடை அம்மனைப் பார்த்தபடி இருக்கும். சந்நிதிக்கும் மேடைக்கும் நடுவே விட்டிருக்கும் இடம் அவளுக்கு. அங்கே பாய் விரிக்கவேண்டாம்.

கேள்வி: தப்பாட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு வைக்கோலைக் கொளுத்துகிறார்களே, சடங்கா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: சடங்கு இல்லை, சுருதி சேர்ப்பது. தப்பு என்கிற பறையின் தோல் பனி ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். ‘கணீர்’ போய் ‘தொப்’ என்று சத்தம் வரும். சூடு காட்டினால் ஈரம் போய் இறுகும். நெருப்புக்கு ஏறத்தாழ ஒரு முழம் மேலே, தோல் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, சட்டத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்புவார்கள். நடுவே மட்டும் காட்டினால் விளிம்பு தொய்வாகவே நின்றுவிடும். பக்கத்தில் கொண்டுபோனால் தோல் கருகும், இல்லை வெடிக்கும். புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல் என்றால் சட்டத்தை விட்டுக் கிளம்பவும் கூடும். விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் வந்ததும் எடுத்துவிடுவார்கள். பனி இறங்க இறங்க இந்த இடைவேளை அடிக்கடி வரும். வைக்கோல் எரிகிற வெளிச்சத்தில் பாருங்கள்: ஒரு கையில் குட்டையும் தடிமனுமான அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய நீள மூங்கில் சிண்டுக்குச்சி. அந்த ‘டக டக’ பொடி அடி முழுக்க சிண்டுக்குச்சியின் வேலை. இப்போது வரும் ஃபைபர் பறைக்கு நெருப்பு வேண்டாம். ஆனால் அடியில் அந்தக் கனம் இருக்காது, காதைக் குத்தும்.

கேள்வி: கரகாட்டத்தைப் போனில் படம் எடுக்கலாமா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: எந்தக் கரகம் என்பதைப் பொறுத்தது. மண் கலயத்தில் நீர் நிரப்பி, வேப்பிலையும் பூவும் சாத்தி, பூசாரி தலையில் வருவது சக்தி கரகம். அது சாமி, போனைப் பைக்குள் போடுங்கள். மணலோ அரிசியோ அடைத்த செம்பின்மேல் பொம்மைக் கிளி சுழல வருவது ஆட்டக் கரகம். அதை எடுக்கலாம், ஆனால் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள். கண் கூசினால் கால் தடுமாறும், பாரம் சரியும். பின்னால் வாசிக்கிற நையாண்டி மேளத்தையும் விட்டுவிடவேண்டாம். இரண்டு நாயனம் (நாதஸ்வரம்), இரண்டு தவில், பம்பை, தாளம் என்று இருந்தால் நல்ல செட். தவில்காரருக்கு நேர் எதிரே நின்றால் நாயனம் காதில் ஏறாது. நாயனக்காரர் பக்கம், பத்தடி தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: இந்த வருஷம் எங்கள் ஊர் நாடகத்துக்கு மைக் செட் பொறுப்பு என்னுடையது. போலீஸ் தகராறு வராமல் எப்படி நடத்துவது?
– விழாக் கமிட்டி உறுப்பினர், பள்ளத்தூர்

பதில்: 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களுக்கு மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. எழுத்து அனுமதியை முன்கூட்டியே வாங்கி, அதில் போட்டிருக்கிற நேரத்தை நடிகர்களிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். 7 மணிக்குத் தொடங்கி, பபூன்–டான்ஸை ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் தர்க்கத்துக்கு நேரம் கிடைக்கும். மரத்துக்கு மரம் குழாய் ஒலிபெருக்கி கட்டுவதை விடுங்கள். மேடைக்கு இருபுறமும் பாக்ஸ் ஸ்பீக்கர், கூட்டத்தைப் பார்த்தபடி, மைக்குக்கு முன்னால் இருக்கட்டும். மைக்குக்குப் பின்னால் போனால் ‘கீ’ என்று ஊளையிடும். ஆர்மோனியத்துக்குத் தனி மைக் உண்டா என்று செட்டுக்காரரிடம் இப்போதே கேளுங்கள். அதைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள்.

கேள்வி: சென்னையில் குடியேறிவிட்டோம். அங்கே இதெல்லாம் கிடைக்குமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: பொங்கலையொட்டி சென்னை சங்கமம் என்கிற நாட்டுப்புறக் கலைவிழா உண்டு. 2007-ல் தொடங்கி, நடுவில் நின்று, 2023-ல் திரும்ப வந்தது. பறை, கரகம், ஒயிலாட்டம் எல்லாம் மாலை நேரத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் கொஞ்ச நேரம்தான் என்பதால் ஒரே இடத்தில் முன்வரிசை பிடித்து உட்காருங்கள். வள்ளியின் தர்க்கம் முழுசாக வேண்டுமென்றால் பங்குனிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள்.