அலையை யாரும் எழுதி வைக்கவில்லை

கேள்வி: சார், மூளையின் நரம்பு வலையைக் கம்ப்யூட்டரில் மாதிரியாக ஓட்டினால் அதில் அலை அலையாகச் செயல்பாடு நகர்கிறதாம். புரோகிராமில் அலை என்று ஒரு வரிகூட இல்லையாம். அப்புறம் எங்கிருந்து வருகிறது?
– கல்லூரி மாணவி, கொருக்குப்பேட்டை

பதில்: தாமதத்திலிருந்து வருகிறதும்மா.

உங்கள் ரயில்வே கேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட் திறந்ததும் முன்னால் நிற்கிற பைக் கிளம்பும், அதைப் பார்த்து ஷேர் ஆட்டோ, அதைப் பார்த்து லாரி என்று அந்தக் கிளம்பல் மட்டும் வரிசையில் பின்னாலேயே ஓடும். யாரும் உத்தரவு போடவில்லை, ஒவ்வொருவரும் பக்கத்து வண்டியைப் பார்த்துக் கொஞ்சம் தாமதமாக நகர்கிறார்கள், அவ்வளவுதான்.

மாதிரியில் ஒவ்வொரு நியூரானும், அதாவது நரம்பு செல்லும், ஒரு சின்னச் சமன்பாடு. மின்னழுத்தம் ஏறும், எல்லை தொட்டால் துடிக்கும், அதாவது ஒரு மின் துடிப்பை அனுப்பும், மறுபடி இறங்கும். சில நியூரான்கள் மற்றவற்றைத் தூண்டும், சில அடக்கும். பக்கத்தில் இருப்பவற்றோடு இணைப்பு அதிகம், தூரம் போகப் போகக் குறைவு. முக்கியமான விஷயம் இனிமேல்தான்: மூளையின் வெளி அடுக்கான புறணிக்குள் கிடைமட்டமாக ஓடும் இழைகள் பெரும்பாலானவற்றுக்கு, சிக்னலை வேகப்படுத்தும் மயலின் என்ற கொழுப்பு உறை கிடையாது, அதனால் சிக்னல் ரொம்ப மெதுவாகப் போகும். வினாடிக்கு 0.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் வெறும் 4 மில்லிமீட்டர் கடக்கவே 20 மில்லிவினாடி ஆகிவிடும். ஓரிடத்தில் தற்செயலாகச் செயல்பாடு கொஞ்சம் ஏறினால் அது அருகில் இருப்பவற்றுக்குச் சீக்கிரமாகவும் தள்ளி இருப்பவற்றுக்குத் தாமதமாகவும் போய்ச் சேருகிறது, அதுதான் அலை.

2021இல் டேவிஸ், முல்லர் என்ற மூளை ஆய்வாளர்களின் குழுவினர் இப்படிப்பட்ட பெரிய வலைகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, இந்த இழைகளின் தாமதத்திலிருந்தே அலைகள் தானாக எழுகின்றன என்று காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதில் வேறொன்று. அலை கடக்கும்போது அங்குள்ள எல்லா நியூரானும் துடிப்பதில்லை, மிகச் சிலதான் துடிக்கின்றன, மற்றவை துடிக்கும் வாய்ப்பு மட்டும் லேசாக ஏறி இறங்குகிறது. கேட் உதாரணம் இந்த இடத்தில் உதவாது, அங்கே எல்லா வண்டியும் நகர்ந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. தனித்தனித் தாளத்தில் ஆடும் பகுதிகளை லேசாக இணைத்தால் வேகமானது முந்தும், மெதுவானது பின்தங்கும், வேகத்திலிருந்து மெதுவை நோக்கி அலை போகும்.

இது கம்ப்யூட்டர் வேடிக்கை மட்டும் இல்லை. மார்மோசெட் குரங்குகள் மங்கலான ஒரு குறியைக் கண்டுபிடிப்பதும் தவறவிடுவதும் அந்த நொடியில் அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதோடு சேர்ந்து மாறுவதை 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

பைத்தான் புரோகிராமிங் தெரியும் என்றால், நியூரான் வலைகளை ஓட்டிப் பார்க்கும் பிரையன் என்ற சிமுலேட்டர் இலவசம். முதலில் எல்லா இணைப்புக்கும் ஒரே தாமதம் கொடுத்து ஓட்டுங்கள், அப்புறம் தூரத்துக்கு ஏற்ற தாமதம் கொடுங்கள், இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.