பொடி வியாபாரம்: ஏஜென்சி கொடுக்கலாமா, நாமே லைன் போகலாமா?

கேள்வி: பெருந்துறையில் வீட்டோடு இட்லிப் பொடி, பருப்புப் பொடி தயாரிக்கிறோம். மாதம் 300 கிலோ வரை போட முடியும். கையில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்துக்கே ஏஜென்சி கொடுங்கள் என்று ஒருவர் வந்திருக்கிறார். ஒரு சூப்பர் மார்க்கெட் 60 நாள் கிரெடிட்டில் சரக்கு கேட்கிறது. ஆன்லைனில் விற்கலாம் என்கிறான் மகன். எதில் இறங்குவது?

பதில்: முதலில் சூப்பர் மார்க்கெட் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 300 கிலோ என்றால் 200 கிராம் பாக்கெட் 1,500. ஒரு பாக்கெட்டின் அடக்கம் 55 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 82,500 ரூபாய். 60 நாள் கிரெடிட்டில் 1,65,000 வெளியே நிற்கும். மூன்றாம் மாதச் சரக்குக்கு இன்னொரு 82,500. ஆக, உங்கள் 3 லட்சத்தில் இரண்டரை லட்சம் முடங்கிவிடும். இதில் எக்ஸ்பைரி ரிட்டர்ன், அதாவது தேதி முடிந்து திரும்பும் சரக்கு, வேறு வரும். இப்போதைக்கு வேண்டாம்.

ஏஜென்சிக்கு வருவோம். எம்.ஆர்.பி. 100 ரூபாயில் கடைக்காரருக்கு 20, ஏஜென்சிக்கு 8, அடக்கம் 55 போனால் உங்களுக்கு நிற்பது 17. நீங்களே லைன் போனால், அதாவது கடை கடையாகச் சரக்கு கொண்டுபோய்ப் போட்டால், 25. அதில்தான் பெட்ரோல் செலவும். வித்தியாசம் 8 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் ஏஜென்சிக்காரர் வண்டியில் ஏற்கெனவே இருபது கம்பெனிச் சரக்கு இருக்கும். பெயர் தெரியாத பொடியைக் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்ல அவருக்கு எங்கே நேரம்? 1969-இல் நிர்மா சலவைத் தூளைத் தொடங்கிய கர்சன்பாய் படேலே சைக்கிளில் வீடு வீடாகப் போய்த்தான் விற்றார்.

அதனால் முதல் ஆறு மாதம் பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் பக்கம் ஐம்பது மளிகைக் கடைகளுக்கு நீங்களே போங்கள். கடைக்குப் பத்து பாக்கெட் போதும். பழைய பில்லுக்குப் பணம் வாங்கிவிட்டு அடுத்த சரக்கை இறக்குங்கள். முதல் ஆர்டர் முகத்துக்காகக் கொடுப்பது. கேட்காமலே வரும் இரண்டாவது ஆர்டரைத்தான் எண்ண வேண்டும். ஐம்பதில் முப்பது கடை திரும்பக் கேட்டால் அப்புறம் ஏஜென்சி பேசலாம். அப்போதும் ஒரு தாலுகா மட்டும், எழுத்தில், ஆறு மாதத்துக்கு. மாவட்டத்தையே எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் விற்காமல் உட்கார்ந்தால் நீங்களும் விற்க முடியாது.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள், செலவில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். பின்னால் பெரிய கடைகளிடம் பேசும்போது உதவும்.

மகன் சொல்வதையும் தள்ள வேண்டாம். ஒற்றைப் பாக்கெட்டுக்குக் கூரியர் கட்டாது. ஐந்து பாக்கெட் சேர்த்து வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புகிற மாதிரி விற்கட்டும். வெளிமாநிலத்துக்கு அனுப்புவதென்றால் மட்டும், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும்.