கம்பளி விரிப்பு வாங்கப் போனால் முதலில் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: சென்னையில் புது அடுக்ககத்துக்குக் குடிவந்திருக்கிறோம். ஹால் 12க்கு 18 அடி, தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். சோபாவுக்கு முன்னால் ஒரு கம்பளி விரிப்பு போட ஆசை. கடையில் 5க்கு 8 அடியில் இரண்டு காட்டினார்கள். ஒன்று 14 ஆயிரம், இன்னொன்று 65 ஆயிரம். இரண்டுமே தூய கம்பளி, கையால் செய்தவை என்கிறார் கடைக்காரர். எதனால் இவ்வளவு வித்தியாசம்? நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் கம்பளி தாங்குமா? வீட்டில் மூன்று வயதுப் பையன், முழங்கால் வலியோடு என் அம்மா.

பதில்: கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றில்லை. இரண்டும் கம்பளியாக இருக்கலாம், இரண்டிலும் கை பட்டிருக்கலாம். ஆனால் செய்முறை வேறு. அது மேல்பக்கத்தில் தெரியாது, திருப்பிப் போட்டால்தான் தெரியும்.

14 ஆயிரம் ரூபாய் விரிப்பின் பின்பக்கத்தில் ஒரு துணி ஒட்டியிருக்கும். அனேகமாக வெளிர் நிறப் பருத்தித் துணி. அப்படி இருந்தால் அது 'ஹேண்ட் டஃப்டட்' வகை. கெட்டியான துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதில் டிசைனை வரைந்து, கையில் பிடிக்கும் ஒரு துப்பாக்கி போன்ற கருவியால் நூலைச் செருகிக்கொண்டே போவார்கள். அந்த நூலை எந்த முடிச்சும் பிடித்திருக்காது. அதனால் பின்னால் லேடெக்ஸ் பசை பூசி, மேலே இன்னொரு துணியை ஒட்டி மறைத்துவிடுவார்கள். வேலை சில நாட்களில் முடியும், விலையும் அதற்கேற்றபடி குறையும்.

65 ஆயிரம் ரூபாய் விரிப்பில் துணி இருக்காது. முன்பக்கம் இருக்கும் அதே டிசைன் பின்பக்கமும் கொஞ்சம் மங்கலாக, சின்னச் சின்ன மணிகளாகத் தெரியும். அந்த ஒவ்வொரு மணியும், தறியில் நெடுக்கே இழுத்துக் கட்டிய பாவு நூலைச் சுற்றிக் கையால் போட்ட முடிச்சு. ஒரு ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்குக் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள். பத்துக்குப் பத்து வந்தால் சதுர அங்குலத்துக்கு நூறு முடிச்சு. உங்கள் 5க்கு 8 அடி விரிப்பில் 5,760 சதுர அங்குலம் இருக்கிறது, ஆக மொத்தம் 5,76,000 முடிச்சுகள். கைதேர்ந்த நெசவாளரே ஒரு நாளைக்குச் சில ஆயிரம்தான் போட முடியும். விலை எங்கே போகிறது என்று இப்போது புரிந்திருக்கும். ஓரத்தில் தொங்கும் குஞ்சத்தையும் கவனியுங்கள். முடிச்சு விரிப்பில் அது பாவு நூலின் நீட்சி, விரிப்புக்குள்ளிருந்தே வரும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

முடிச்சு எண்ணிக்கை கூடக் கூடத் தரமும் கூடும் என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். அது அரை உண்மை. நுணுக்கமான பூவேலைக்கு நெருக்கமான முடிச்சு வேண்டும். காஷ்மீர் விரிப்புகளில் சதுர அங்குலத்துக்கு 300ஐத் தாண்டுவதும் உண்டு. ஆனால் பிள்ளைகள் ஓடும் ஹாலுக்குத் தடித்த நூலில் 60 முதல் 100 முடிச்சு உள்ள உத்தரப் பிரதேசத்து பதோஹி, மிர்ஸாபூர் பக்கத்து விரிப்பே நன்றாக உழைக்கும். பதோஹிக் கம்பளத்துக்கு 2010இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

சரி, சென்னைக்கு ஒத்துவருமா? கம்பளி தாங்கும், பசைதான் தாங்காது. கம்பளி இழை காற்றிலுள்ள ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், காற்று காய்ந்ததும் விட்டுவிடும். தன் எடையில் முப்பது சதவீதம் அளவுக்கு ஈரம் குடித்தாலும் தொட்டால் நனைந்ததுபோல் தெரியாது. ஏசி ஓடும் அறையில் காலுக்கு இதமாகவும் இருக்கும். தீயிலும் அது நைலான்போல உருகி ஒட்டாது. கார்த்திகை விளக்குத் திரி விழுந்தால் கருகும், பெரும்பாலும் தானே அணைந்துவிடும். லேடெக்ஸ் அப்படியல்ல. வெப்பமும் புழுக்கமும் சேர்ந்து அதைக் காயவைத்து உதிர்த்துவிடும். சில வருடங்கள் ஓடிய டஃப்டட் விரிப்பைத் தூக்கினால் தரையில் மஞ்சளாக மாவு கொட்டிக் கிடக்கும், ரப்பர் வாடையும் அடிக்கும். நம் வீடுகளில் தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கிறோம். அந்த ஈரம் அடியில் போய் உட்கார்ந்தால் கதை இன்னும் சீக்கிரம் முடியும். டஃப்டட் மோசம் என்று நான் சொல்லவில்லை. குளிர்ந்த, உலர்ந்த ஊரில், நான்கைந்து வருடத்துக்கு வாடகை வீட்டில் போட அது போதும். கடலோர ஊரில் பத்து வருடம் வைத்திருக்க நினைத்தால் வேண்டாம்.

அடுத்து, கம்பளியே கம்பளிதானா என்று பார்க்க வேண்டும். விரிப்பிலிருந்து ஓர் இழையை இழுத்துத் தரச் சொல்லி, வெளியே போய்க் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், விரலில் நசுக்கினால் கரியாக நொறுங்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும். காகிதம் எரியும் வாடை வந்தால் விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை இழை. 'பேம்பூ சில்க்', 'ஆர்ட் சில்க்' என்று பளபளப்பாகக் கலந்து விற்பது பெரும்பாலும் இதுதான். விஸ்கோஸில் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினாலே அந்த இடம் மஞ்சளித்து விறைத்துப்போகும். குழந்தை உள்ள வீட்டுக்கு அந்தப் பளபளப்பு ஆகவே ஆகாது.

கம்பளியிலும் நல்லது கெட்டது உண்டு. உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்த நீளமான இழை வலுவானது. ராஜஸ்தானின் பிகானேர் பக்கத்துக் கம்பளியையும் நியூசிலாந்துக் கம்பளியையும் கலந்து நூற்பது கம்பளத் தொழிலில் சகஜம். தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்பு போட்டு எடுத்த ரோமம் மொறமொறவென்று இருக்கும், சாயம் பளிச்சென்று ஏறாது, நாள்பட உதிரும். உள்ளங்கையால் ஒரே இடத்தில் பலமுறை அழுத்தித் தேயுங்கள். கொஞ்சம் பஞ்சு வந்தால் பரவாயில்லை, புதுக் கம்பளி முதல் சில மாதங்கள் உதிரத்தான் செய்யும். கொத்துக் கொத்தாக வந்தால் நகர்ந்துவிடுங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையாலும் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் சாயம் இறங்கினால், நாளைக்கு உங்கள் வெள்ளை டைல்ஸிலும் இறங்கும்.

அளவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 12க்கு 18 ஹாலில் 5க்கு 8 சிறியது. சோபாவைவிட விரிப்பு இரண்டு பக்கமும் கொஞ்சமாவது நீண்டிருந்தால்தான் பார்க்க அடக்கமாக இருக்கும். சோபாவின் முன்கால்கள் அதன் மேல் ஏற வேண்டும். 6க்கு 9 குறைந்தபட்சம். வாங்குமுன் அந்த அளவுக்குப் பழைய செய்தித்தாள்களைத் தரையில் ஒட்டி, இரண்டு நாள் அதன்மேல் நடந்து பாருங்கள். கதவு இடிக்கிறதா, அம்மா நடக்கும் வழியில் ஓரம் வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

அம்மாவுக்காக இரண்டு விஷயம். மேல்நூல், அதாவது விரிப்பின் மேல் ரோமம்போல நிற்கும் நூல், பத்து மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்கட்டும். புசுபுசுவென்று கால் புதையும் விரிப்பில் முழங்கால் வலிக்காரர்கள் தடுமாறுவார்கள். டைல்ஸில் வெறும் விரிப்பு வழுக்கும், ஆகவே அடியில் ஃபெல்ட்டும் இயற்கை ரப்பரும் சேர்ந்த பேட் கட்டாயம். மலிவான பிவிசி வலை வேண்டாம். அது வெயில் காலத்தில் டைல்ஸோடு ஒட்டிக்கொள்ளும்.

பையனுக்காக நிறம். தந்த நிறம், வெளிர்ச் சாம்பல் எல்லாம் படத்தில்தான் அழகு. செங்கல் சிவப்பு, அவுரி நீலம், காவி என்று நடுத்தர நிறங்களில் சின்ன வேலைப்பாடு உள்ளதாகப் பாருங்கள். வெள்ளைத் தரையில் அதுதான் எடுப்பாகவும் இருக்கும். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மட்டும் கம்பளி போடாதீர்கள். சாம்பாரில் உள்ள மஞ்சள் கம்பளிக்கு வெறும் கறையல்ல, சாயமாகவே ஏறிவிடும். கொட்டிவிட்டால் தேய்க்காமல் வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் மென்மையான ஷாம்பு கலந்து மறுபடி ஒற்றுங்கள். மிச்சமிருக்கும் மஞ்சள், வெளிச்சம் படப்பட வெளுக்கும். பிளீச் பக்கம் போகவே கூடாது, அது கம்பளியைக் கரைத்துவிடும். துணி துவைக்கும் பவுடரும் ஆகாது. கம்பளி ஒரு புரதம். பல பவுடர்களில் புரதத்தைத் தின்னும் என்சைம் இருக்கிறது.

புரதம் என்பதால்தான் பூச்சியும் வரும். குளியலறைச் சுவரில் சிமெண்ட் நிறத்தில், பூசணி விதை அளவுக்கு ஒரு தட்டையான கூடு மெதுவாக ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் புழுவுக்கு ஒட்டடை, உதிர்ந்த தலைமுடி, கம்பளி எல்லாம் தீனி. ஆள் நடக்கும் இடத்தை அது சீண்டாது. சோபாவுக்கு அடியில் இருட்டாகக் கிடக்கும் பகுதிதான் அதற்கு வசதி. ஆகவே வாரம் ஒருமுறை விரிப்பைப் புரட்டி இரண்டு பக்கமும் வேக்குவம் போடுங்கள், சுழலும் பிரஷ்ஷை மட்டும் கழற்றிவிட்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை விரிப்பின் முனைகளை இடம் மாற்றிப் போட்டு, சோபாவின் கீழ் இருந்த பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். குழந்தை இருப்பதால் அந்துருண்டை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீடே ஈரம் கட்டினால் விரிப்பை மடிக்காமல் சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் சுற்றினால் பூஞ்சை பிடிக்கும். பையனுக்கு வீசிங், தூசி அலர்ஜி இருந்தால் ஹாலில் கம்பளமே வேண்டாம் என்பேன், கம்பளியோ வேறெதுவோ.

உங்களுக்கு என் யோசனை: அந்த 14 ஆயிரத்தை விட்டுவிடுங்கள். 65 ஆயிரம் விரிப்பு, மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் அதே வகையில் 6க்கு 9 கேட்டுப் பேரம் பேசுங்கள், இந்தக் கடைகளில் சொல்லும் விலை கொடுக்கும் விலை அல்ல. அவ்வளவு செலவு இப்போது முடியாது என்றால், கம்பளி 'டர்ரி' பாருங்கள். நம் பவானி ஜமுக்காளம்போல மேல்நூல் இல்லாமல் தட்டையாக நெய்தது, ஆனால் கம்பளியில். பசை கிடையாது, இரண்டு பக்கமும் போடலாம், மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் உதறலாம். மெத்தென்று இருக்காது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளை வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எதை எடுத்தாலும் பில்லில் வெறுமனே 'கார்ப்பெட்' என்று போட விடாதீர்கள். கையால் முடிச்சிட்டது அல்லது தறியில் நெய்தது, மேல்நூல் நூறு சதவீதம் கம்பளி, பாவு பருத்தி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். குழந்தைத் தொழிலாளர் இல்லாமல் நெய்ததற்கான குட்வீவ் முத்திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1994இல் ரக்மார்க் என்ற பெயரில் தொடங்கியது அது. நல்ல கடைகள் பல, இரண்டு நாள் வீட்டில் விரித்துப் பார்க்கக் கொடுத்தனுப்பும். பகல் வெளிச்சத்திலும் ராத்திரி விளக்கிலும் நிறம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.