காரை எங்கே ஓட்டுவது, எங்கே நிறுத்துவது?

கேள்வி: எனக்கு 56 வயது. கணவர் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். மகள் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வேலை பார்க்கிறாள். ஜூனில் அவளைப் பார்க்கப் போகும்போது, நாங்கள் இருவர் மட்டும் வாடகைக் கார் எடுத்துப் பத்து நாள் சுற்றலாம் என்கிறார் கணவர். லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, பாத், கார்ன்வால், லேக் டிஸ்ட்ரிக்ட், யார்க் என்று பட்டியலும் போட்டுவிட்டார். எனக்கோ ஒரு கிராமத்தில் நாலு நாள் நிம்மதியாக இருந்தால் போதும். சொன்னால், "இவ்வளவு செலவழித்துப் போய் உட்கார்ந்திருக்கவா?" என்று முகம் வாடுகிறது. நான் கேட்பது தவறா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: தவறே இல்லை, சகோதரி. உங்கள் கணவரின் ஆசையும் தவறில்லை, பட்டியல்தான் நீளம். கார்ன்வாலின் மேற்குக் கோடியிலிருந்து லேக் டிஸ்ட்ரிக்ட் 600 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த இரண்டையும் இன்றைக்கே அடித்துவிடுங்கள். அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

லண்டனுக்குள் காரே வேண்டாம். நகர மையத்தில் நெரிசல் கட்டணம், வண்டி நிறுத்த இடமில்லாத அவதி. மகள் வீட்டில் இரண்டு நாள் தூக்கத்தைச் சரிசெய்துகொண்டு, ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ரெடிங்கிலிருந்து வேக ரயில் அரை மணி நேரம்தான். காரை அதற்குப் பிறகு எடுங்கள்.

முதல் நாலு இரவும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேற்கே இருக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதியில், பர்ஃபோர்டு பக்கம் ஒரே அறையில் தங்குங்கள். நீங்கள் கேட்ட கிராமம் அங்கே இருக்கிறது. தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய வீடுகள், சரிந்திறங்கும் தெரு, அடியில் விண்ட்ரஷ் ஆறு. ஆறு என்றதும் காவிரியை நினைத்துவிடாதீர்கள், வாய்க்கால் அகலம்தான். அதன் கரையிலேயே சில மைல் தள்ளி, மின்ஸ்டர் லவல் என்ற ஊரில் 15-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று இடிந்து நிற்கிறது. கட்டணம் கிடையாது. நாங்கள் போன மாலையில் ஆள் நடமாட்டமே இல்லை. கூரையில்லாத கூடத்துக்குள் புல் வளர்ந்திருந்தது, சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். என் கணவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புல்லில் உட்கார்ந்தவர், ஒரு மணி நேரம் எழவில்லை. எங்கள் பயணத்தில் நான் அதிகம் நினைத்துக்கொள்வது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

அதே பகுதியில் இருக்கும் பைபரி கிராமத்துக்கு மட்டும் காலையிலேயே போய்விடுங்கள், பகலில் பேருந்துக் கூட்டம் வந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் பாத்துக்கும் போகும்போது, ஊருக்கு வெளியே இருக்கும் ‘பார்க் அண்ட் ரைட்’ நிறுத்தத்தில் காரை விட்டுப் பேருந்தில் ஏறுங்கள். இதில் கணவர் பிடிவாதம் பிடித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி அவரிடம் காட்ட வேண்டிய பகுதி. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். சுற்றுலா வருபவர் நம் ஊர் உரிமத்தோடு ஓட்டலாம். ஆனாலும் சில வாடகை நிறுவனங்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்கும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமானால் முன்பதிவிலேயே கேட்டுவிட வேண்டும். வேகமெல்லாம் மைல் கணக்கு: பலகையில் 30 என்றால் 48 கிலோமீட்டர். ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அவர் போகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கிராமத்துச் சந்துச் சாலைகளில் இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி, நடுவே ஒரு கார் போகும் இடம். 60 மைல் வரை சட்டம் அனுமதிக்கும் சாலையாக இருக்கலாம், அதற்காக அந்த வேகத்தில் போய்விடக் கூடாது. எதிரே வண்டி வந்தால், ஒதுங்க இடம் பக்கத்தில் யாருக்கு இருக்கிறதோ அவர் ஒதுங்குவார். மற்றவர் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையைச் சற்றே உயர்த்துவார். நன்றி என்று அர்த்தம். நீங்களும் உயர்த்துங்கள். ஹாரன் தேவையே படாது.

அடுத்து பாத்தில் இரண்டு இரவு. ரோமானியர் கட்டிய குளத்துக்கு வரும் ஊற்றுநீர் இன்றும் 46 டிகிரிச் சூட்டில் பொங்குகிறது. பக்கத்தில் வெல்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது, ஒரு பகல் அதற்கு ஒதுக்குங்கள். பிஷப் மாளிகை அகழியில் அன்னங்கள் கயிற்றை இழுத்து மணியடித்துத் தீனி கேட்கும்.

பிறகு யார்க். பாத்திலிருந்து சுமார் 350 கிலோமீட்டர், பெரும்பாலும் நெடுஞ்சாலை. அந்த ஒரு நாள் உங்கள் கணவருடையது, ஆசைதீர ஓட்டட்டும். நீங்கள் "மெதுவா, மெதுவா" என்று சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் போடுங்கள். கிராமத்து நாலு நாளும் உங்களுடையது என்று இப்போதே பேசி வைத்துக்கொண்டால் அங்கே போய் மனவருத்தம் வராது.

யார்க்கில் மூன்று இரவு. கொஞ்சம் கூடுதல் கட்டணம் வந்தாலும் காரை அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் ரயில் லண்டன் வந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். பகலில் பழைய கோட்டை மதில்மேல் நடந்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை ஆற்றங்கரையோரம் இருவரும் நடக்கலாம், சாவியைப் பற்றிய நினைப்பே இல்லாமல்.