சிமெண்ட் பூசும் முன் கூரை ஓடுகளைப் பாருங்கள்

கேள்வி: காரைக்குடி அருகே எங்கள் பூர்வீக வீட்டு முகப்பில் 1922 என்று சுதையில் இருக்கிறது. வளவுச் (உள்முற்றத்து) சுவரின் அடிப்பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். தூண்களையும் நிலைக்கதவையும் ஒருவர் விலைக்குக் கேட்கிறார். பங்காளிகள் ஐந்து பேர். வீட்டுக்குப் பாரம்பரிய மதிப்பு உண்டா?

பதில்: உண்டு. பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும்தான் மதிப்பு என்று நினைக்கிறார்கள். அவை காசு கொடுத்தால் இன்றும் கிடைக்கும். முகப்பு, வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று ஒரே நேர்கோட்டில் பின்வாசல்வரை ஓடும் அமைப்பும், வளவைச் சுற்றிப் புள்ளிக்கு (மணமான தம்பதிக்கு) ஓர் அறை என்ற கணக்கும் கிடைக்காது. பாகம் பிரிக்கிறோம் என்று வளவின் குறுக்கே சுவர் எழுப்பினால் அமைப்பு கெடும். காற்றோட்டமும் மழைநீர் வடிகாலும் கூடவே கெடும்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான், ஆனால் அதனால் மட்டும் உங்கள் வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. அது பங்காளிகள் கையில்தான்.

சிமெண்ட் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி மேல்நோக்கி ஏறும். இன்று இரண்டடியில் உதிர்வது சில ஆண்டுகளில் நாலடியில் உதிரும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நழுவிய நாட்டு ஓடு, வளவுத் தாழ்வாரத்தில் ஓட்டை விழுந்த தகரம், அடைத்துப்போன வடிகால், உயர்ந்துவிட்ட தெருமட்டம் என நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதைச் சரிசெய்து ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். சுவரில் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும்.

பிறகு ஈரம் ஏறிய கோட்டுக்கு ஓரடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, இரண்டு வாரமாவது நீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் இரண்டு பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்துப் பூசச் சொல்லுங்கள். ஒரு பூச்சுக்கு 10 மில்லிமீட்டர் கனம் போதும். ஒரு வாரம் ஈரச்சாக்கு மூடியிருக்கட்டும். அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். முதலில் மூன்றடிக்கு மூன்றடி பூசி, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பாக்கும் கடைசிப் பூச்சு தனிக் கைவேலை, தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் படக் கூடாது. அடியில் இருப்பது சிமெண்ட், நிறத்தோடு அரித்துவிடும்.

நிலைக்கதவைக் கேட்பவருக்கு அவசரப்பட்டுச் சொல் கொடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு தாண்டிய சிற்ப வேலைப்பாட்டு மரம் தொல்பொருளாகலாம். தொல்பொருளை வியாபாரமாக வாங்கி விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஐவருக்கும் பொதுவான சொத்தில் உள்ளதை ஒரு பங்காளி மட்டும் விற்றால் வழக்கில்தான் முடியும். அறை அறையாகப் படம் எடுத்து, அளவு குறித்து, ஓட்டிலும் இரும்பு உத்தரத்திலும் உள்ள முத்திரைகளையும் எழுதி, ஐவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.