பட்டத்தின் பெயரை முதலில் பாருங்கள், கட்டணத்தை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், பயோ-மேத்ஸ் குரூப். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். நன்றாக வரைவாள், கணக்கும் வரும். கட்டடம் வடிவமைக்கும் படிப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அவள் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஒரு ஏஜென்ட் வந்து, வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் ‘ஆர்க்கிடெக்சுரல் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி’ என்று மூன்று வருடப் பட்டம் இருப்பதாகவும், மொத்தச் செலவு நாலரை லட்சம் என்றும், தை பிறப்பதற்குள் 50,000 ரூபாய் கட்டினால் சீட் உறுதி என்றும் சொல்கிறார். கட்டலாமா? இதைவிடக் குறைந்த செலவில் வழி உண்டா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்:

கட்டாதீர்கள், சகோதரி. அந்தக் கல்லூரி போலி என்று சொல்லவில்லை. பிரச்சினை பட்டத்தின் பெயரில் இருக்கிறது.

நம் நாட்டில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வேண்டுமானால் கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இங்கே படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பதிவைத் தருவது பி.ஆர்க் என்ற கட்டடக்கலைப் பட்டம், ஐந்து வருடம், பத்து செமஸ்டர், கவுன்சில் ஒப்புதல் பெற்ற கல்லூரி. இங்கிலாந்தில் ‘ஆர்க்கிடெக்சுரல் டெக்னாலஜிஸ்ட்’ என்பது தனித் தொழிலாகவே இருக்கிறது; அதனால் அங்கே அந்தப் பட்டத்துக்கு ஒரு பொருள் உண்டு. இங்கே மூன்று வருடம் படித்துவிட்டு வந்தால் டிராயிங் போடுகிற வேலையோ சைட் மேற்பார்வையோ கிடைக்கலாம், கவுன்சில் பதிவு கிடைக்காது. அஞ்சல் வழியில் படிக்கிற கட்டடக்கலைப் பட்டத்தையும் கவுன்சில் ஏற்பதில்லை. கவுன்சிலின் இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் கல்லூரி பெயர், எந்த ஆண்டுக்கு ஒப்புதல், எத்தனை இடம் என்று மூன்றையும் பாருங்கள். போன வருடம் ஒப்புதல் இருந்தது என்று ஏஜென்ட் சொல்வது போதாது.

செலவுக்கு வருவோம். நீங்கள் எழுதியதிலேயே பெரிய விஷயம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதுதான். 2021-இல் வந்த சட்டப்படி தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் தனியே ஒதுக்கப்படுகிறது. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நம் கரையில் பாதிப் பிள்ளைகள் சபை நடத்தும் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவை அரசு உதவி பெறும் பள்ளிகள், அரசுப் பள்ளிகள் அல்ல. அவர்களுக்கு இந்த 7.5 பொருந்தாது. உங்கள் மகள் இடையில் ஒரு வருடம் அப்படி ஒரு பள்ளியில் படித்திருந்தாலும் சிக்கல்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த சான்றைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

தமிழ்நாட்டு பி.ஆர்க் கலந்தாய்வில் தரவரிசை 400 மதிப்பெண்ணுக்கு. பிளஸ் டூவுக்கு 200, நாட்டா என்ற நுழைவுத் தேர்வுக்கு 200. என்ஜினீயரிங் போலக் கட்-ஆஃபை மட்டும் நம்பி இருந்தால் பாதி மதிப்பெண் கைவிட்டுப் போகும். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளிக்குப் போட்டி அதிகம், கட்டணமோ தனியார் கல்லூரிகளைவிட வெகு குறைவு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியிலும் பி.ஆர்க் உண்டு, சென்னையைவிட வீட்டுக்குப் பக்கம்.

இன்னொரு வாசல் மத்திய அரசின் திருச்சி என்.ஐ.டி. நிறையப் பேர் அதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. அதற்கு நாட்டா கிடையாது, ஜே.இ.இ. மெயின் தேர்வின் பேப்பர் 2ஏ எழுத வேண்டும். கணக்கு, ஆப்டிட்யூட், டிராயிங் என்று மூன்று பகுதி, தமிழிலும் எழுதலாம். ஏப்ரல் சுற்றுக்கான விண்ணப்பம் பொங்கல் கழிந்து திறக்கும், அதைத் தவறவிடாதீர்கள். இடங்களில் பாதி தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 65. என்.ஐ.டி.க்களில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் படிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. விடுதி, மெஸ் செலவு தனி. இங்கே தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. பி.சி., எம்.பி.சி. என்று தாலுகா ஆபீஸில் வாங்கிய சாதிச் சான்றிதழ் மத்திய அரசுக் கலந்தாய்வுக்குச் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியது வேண்டும். பழைய சான்றிதழைக் கொண்டுபோய்ப் பொதுப் பிரிவில் தள்ளப்பட்டால் நல்ல ரேங்க்கும் பயனில்லாமல் போகும்.

நாட்டாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாக வரைகிற பிள்ளைகள்தான் அதில் ஏமாறுகிறார்கள். மூன்று மணி நேரம். முதல் பாதி 80 மதிப்பெண்ணுக்குத் தாளில் வரைவது: ஒரு வண்ணக் கலவை, ஒரு கறுப்பு-வெள்ளைக் காட்சி, கொடுக்கிற பொருள்களை வைத்துச் செய்கிற முப்பரிமாண அமைப்பு. அடுத்த பாதி 120 மதிப்பெண்ணுக்குக் கணினியில்: வடிவங்களைச் சுழற்றிப் பார்ப்பது, தர்க்கம், எண், பொதுவான கட்டடக்கலை அறிவு. ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதலாம், சிறந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். நடிகர் முகத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைகிற திறமைக்கு இங்கே மதிப்பில்லை. ஒரு இடத்தைச் சொல்லி, அதை மனதில் கட்டி, அளவு குலையாமல் வரையச் சொல்வார்கள். ஆளைவிடக் கதவு சின்னதாகிவிடும், நிழல் இரண்டு திசையில் விழும், நேரம் முடிந்துவிடும். மதிப்பெண் போவது இதில்தான்.

பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டி கோச்சிங் போக வேண்டியதில்லை. ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தின் நடுவில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கத் தூண்களும் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். ஒரு-புள்ளி பெர்ஸ்பெக்டிவ் என்று புத்தகத்தில் போடுவது அதைத்தான். வீட்டுக்கு வந்து பார்க்காமல் வரையட்டும். அடுத்த நாள் மீன் ஏலக் கூடத்தை மாடியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று, குறைந்தது பத்து ஆட்களோடு. இன்னொரு நாள் கீழக்கரைக் கல் பள்ளிவாசலின் தூண் ஒன்று, வெயில் ஒரு பக்கமிருந்து அடிக்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் கடிகாரம் வைத்து. பழைய அட்டைப்பெட்டி, ஊதுபத்திக் குச்சி, பசை இருந்தால் முப்பரிமாணப் பயிற்சியும் ஆயிற்று. இரண்டு மாதம் தினம் இப்படிச் செய்தால் கை தானாக அளவு பிடிக்கும்.

பணம் எப்போது தேவைப்படும் என்பதையும் இப்போதே கணக்குப் போடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நாட்டா தேர்வும், அதை எழுத மதுரைக்குப் போய்வரும் செலவும், விண்ணப்பக் கட்டணமும் சரியாக அந்த நாள்களில்தான் வரும். தேர்வுக் கட்டணம் ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்க்குள் இருக்கும். இரண்டு தடவை எழுத, போய்வர என்று 6,000 ரூபாய் பங்குனிக்குள் ஒதுக்கி வையுங்கள். அந்த நேரத்தில் கந்துக்காரரிடம் கை நீட்ட வேண்டியிருக்காது.

வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் எடுத்து வையுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வில் வாங்கிய இடத்துக்கு மட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். ஐந்து வருடத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. உங்கள் கணவர் மீனவர் நல வாரிய உறுப்பினராக இருந்தால் கல்வி உதவித்தொகைக்கும் மனுப் போடலாம். அட்டையைப் புதுப்பித்திருக்கிறாரா என்று பாருங்கள். மிச்சத்துக்கு வங்கிக் கடன்: நாலு லட்சம் வரை அடமானமும் கேட்கக் கூடாது, செலவில் ஒரு பகுதியை உங்கள் கையிலிருந்து போடச் சொல்லவும் கூடாது. வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் இணையதளத்தில் விண்ணப்பித்தால் வங்கி வாய்மொழியாகத் தட்டிக்கழிக்க முடியாது.

கட்டண ரசீதில் வராத செலவு ஒன்று பி.ஆர்க்கில் உண்டு. டிராயிங் ஷீட், மாடல் செய்ய மவுன்ட் போர்டு, சன் போர்டு, பிரின்ட், கல்விச் சுற்றுலா எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 25,000 முதல் 40,000 வரை போகும். லேப்டாப்பை முதல் வருடமே வாங்காதீர்கள். அந்த வருடம் பெரும்பாலும் கையால் வரைவதுதான். இரண்டாம் வருடம் 16 ஜி.பி. ராம், தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளதாக ஒன்றை வாங்கினால் கடைசி வரை ஓடும். ஆட்டோகேட், ரெவிட் என்ற வரைபட சாஃப்ட்வேர்கள் மாணவர்களுக்கு இலவசம். சாஃப்ட்வேருக்கு என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

நாட்டா கைகொடுக்காவிட்டால்? ராமநாதபுரத்திலேயே அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் பி.இ. சிவில் இருக்கிறது, நாலு வருடம், பஸ்ஸில் போய்வரலாம். கடலோரக் கட்டடங்களில் உப்புக் காற்று கம்பியை அரித்து சிலாப் வெடிப்பதைத் தங்கச்சிமடத்தில் வீட்டுக்கு வீடு பார்க்கிறோம். கடற்காற்று படும் கான்கிரீட்டுக்கு எம்30 தரமும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் வேண்டும் என்று ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி சொல்கிறது, இங்கே கொத்தனார் விடுவது பெரும்பாலும் அதில் பாதி. இந்த வேலையைச் சரியாகத் தெரிந்த ஒரு சிவில் பெண்ணுக்கு இந்தக் கரையில் வேலைக்குப் பஞ்சம் வராது. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். ஆனால் பி.ஆர்க்கில் அப்படி இல்லை. டிப்ளமோ வைத்திருந்தாலும் நாட்டா எழுதி முதல் வருடத்திலிருந்துதான். ‘டிப்ளமோ போட்டுவிட்டு அப்புறம் ஆர்க்கிடெக்சரில் நேராக இரண்டாம் வருடம்’ என்று அந்த ஏஜென்ட் அடுத்த முறை வந்து சொன்னால், அதையும் நம்ப வேண்டாம்.