குட்டி நாய், ஈரத் தரை, கூண்டு: கேள்வி பதில்

தாம்பரம் பக்கம் இருபது வருடமாக நாய் வளர்க்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாக மற்றவர் வீட்டுக் குட்டிகளையும் பழக்கித் தருகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, அதனால் நோய், மருந்து பற்றிய கேள்விகளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குட்டி ஒன்றுக்கு, இரண்டுக்கு எங்கே போக வேண்டும், எங்கே தூங்க வேண்டும் என்பதை இந்த வாரம் முழுக்கக் கேட்கலாம். குட்டியின் வயதை வாரக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

வேளச்சேரி: அக்கா, 9 வார லேப் (லாப்ரடார்) பெண் குட்டி. நாலாவது மாடி ஃபிளாட். கீழே கூட்டிப்போனால் அரை மணி நேரம் மோந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வீட்டுக்குள் வந்ததும் ஹாலில் போய்விடுகிறாள். வேண்டுமென்றே செய்கிறாளா?

இல்லைம்மா. இந்த வயதில் அடக்கிவைக்கும் தசையே இன்னும் சரியாக வளரவில்லை. கீழே ஆயிரம் வாசனை, சத்தம், ஆட்கள். அதில் வந்த வேலையை மறந்துவிடுகிறாள். வீட்டுக்குள் வந்து மனம் அடங்கியதும் ஞாபகம் வருகிறது.

முதலில் நேரம். தூங்கி எழுந்த அந்த நிமிடம், சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்தில், விளையாடி முடித்ததும், இவை தவிர விழித்திருக்கும்போது முக்கால் மணிக்கு ஒரு முறை. எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் உச்ச வரம்பு என்று பழக்குபவர்கள் சொல்வோம். உங்கள் குட்டிக்கு மூன்று மணி நேரம், அதுவும் தூங்கும்போது மட்டும். மூன்று நாள் ஒரு நோட்டில் அவள் போகிற நேரத்தையெல்லாம் குறித்து வையுங்கள். நாலாம் நாள் அவளுடைய கடிகாரம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம், லிஃப்ட் வரை நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். நடந்தால் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிடுவாள். தினமும் ஒரே இடம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி ஐந்து நிமிடம் நில்லுங்கள், பேச வேண்டாம், விளையாட்டும் வேண்டாம். போனால் முடித்த அந்த நொடியில், அங்கேயே, ஒரு சின்னத் துண்டு வேகவைத்த சிக்கன். வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்வாள். போனதும் உடனே மேலே தூக்கிவராதீர்கள், கொஞ்சம் சுற்றவிடுங்கள். இல்லையென்றால் ‘போனால் வெளியே இருக்கிற சுகம் முடிந்தது’ என்று கற்றுக்கொண்டு அடக்கிவைக்க ஆரம்பிப்பாள்.

ஐந்து நிமிடத்தில் போகவில்லையா? மேலே வந்து மடியிலோ கூண்டிலோ பத்து நிமிடம் வைத்திருந்துவிட்டு மறுபடி கீழே. ஹாலில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. 9 வாரத்தில் தடுப்பூசிகள் முடிந்திருக்காது. குட்டிகளுக்கு உயிர்கொல்லி வாந்தி பேதி தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். தெரு நாய்கள் புழங்கும் இடத்தில் இப்போது தரையில் விடாதீர்கள். மாடித்தோட்டத்துக்கு விற்கும் அகலத் தட்டு ஒன்றில் கடையில் வாங்கிய புது மண்ணைப் போட்டு பால்கனியில் வைத்து அங்கே பழக்குங்கள். பின்னால் அதே தட்டு மண்ணில் ஒரு பிடியைக் கீழே அவளுக்கான இடத்தில் போட்டால் புரிந்துகொள்வாள்.

மதுரை: வீட்டில் போய்விட்டால் மூக்கை அதில் தேய்த்து ஓர் அடி கொடுத்தால் சரியாகும் என்று அப்பத்தா சொல்கிறார்.

வேண்டாம். உங்கள் அப்பத்தா மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர் காலத்தில் எல்லோரும் இதைத்தான் செய்தார்கள். ஆனால் குட்டி இதில் கற்றுக்கொள்வது ‘மனிதர் கண் முன்னால் போகக் கூடாது’ என்பதை மட்டும்தான். அப்புறம் சோபாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் போகும். வெளியே கயிற்றைப் பிடித்து நீங்கள் பக்கத்தில் நின்றாலும் போகாது. போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்தால் மெல்ல ஒரு குரல் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். முடிந்த பிறகு பார்த்தால் துடைத்துவிட்டு, எந்த நேரத்தில் கவனம் விட்டோம் என்று யோசியுங்கள்.

சேலம்: ஃபினாயில் போட்டுத் துடைத்தாலும் அதே இடத்தில் போகிறான். 11 வாரம், பக் இனக் குட்டி.

ஃபினாயில் நம் மூக்குக்குத்தான் வாசனையை மூடும், அவன் மூக்குக்கு அடியில் இருப்பது அப்படியே தெரியும். அமோனியா கலந்த திரவம் என்றால் இன்னும் மோசம், அந்த வாசனையே சிறுநீர் மாதிரி இருக்கும். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், பிறகு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். எலுமிச்சைத் தோலும் வெல்லமும் போட்டு வீட்டில் புளிக்கவைத்த பயோ என்சைமை டைல்ஸில் நீர்த்து ஊற்றுபவர்கள் உண்டு. மார்பிள் தரையில் மட்டும் வேண்டாம், புளிப்பு கல்லை அரித்துவிடும்.

எல்லோருக்குமே ஓர் எச்சரிக்கை: குட்டி போகும் மூலையில் பாச்சை உருண்டை போடாதீர்கள். ஒரே ஓர் உருண்டையை விழுங்கினாலும் சின்னக் குட்டியின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். விழுங்கியது தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஈரோடு: வாசலில் நீலத் தண்ணீர் பாட்டில் வைத்தால் நாய் அங்கே போகாதாமே?

போகும்.

திருச்சி: 10 வார நாட்டுக் குட்டி. 42 அங்குலக் கம்பிக் கூண்டு வாங்கி ஹாலில் வைத்தேன். இரவெல்லாம் கத்துகிறது, காலையில் ஒரு மூலையில் ஆய் போயிருக்கிறது.

தம்பி, அந்தக் கூண்டு வளர்ந்த லேபுக்கான அளவு. குட்டிக்கு அது ஒரு பக்கம் படுக்கையறை, மறுபக்கம் கழிப்பறை. நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். கூடவே ஒரு தடுப்புக் கம்பி வந்திருக்கும், அதை உள்ளே தள்ளி வையுங்கள். தொலைந்திருந்தால் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து இடத்தைக் குறையுங்கள். தான் படுக்கும் இடத்தை அசிங்கம் பண்ணக் கூடாது என்பது குட்டிக்குத் தாயிடமிருந்தே வருகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் தாய் நக்கிச் சுத்தம் செய்யும், அப்புறம் குட்டிகள் தாமே படுக்கையை விட்டுத் தள்ளிப் போய் இருக்கப் பழகும். கூண்டுப் பழக்கம் முழுக்க அந்தக் குணத்தின் மேல்தான் நிற்கிறது.

கத்துவது, நேற்று வரை உடன்பிறப்புகளோடு ஒட்டித் தூங்கிய உயிர் இன்று இருட்டு ஹாலில் தனியாக இருப்பதால். கூண்டை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் வையுங்கள். பகலில் நாலைந்து நாள் கதவைச் சாத்தவே வேண்டாம். சோற்றுக் கிண்ணத்தை உள்ளே வையுங்கள், நடுநடுவே ஒரு பிஸ்கட்டை உள்ளே போடுங்கள், தானாகப் போய் எடுத்துக்கொண்டு வரட்டும். பிறகு சாப்பிடும் நேரம் மட்டும் சாத்துங்கள், அப்புறம் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இரவு இரண்டு மணி வாக்கில் அலாரம் வைத்து நீங்களே எழுந்து தூக்கிப்போங்கள், விளக்கு வேண்டாம், கொஞ்சல் வேண்டாம். போனதும் திரும்பப் படுக்கை.

உள்ளே விடும்போது பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பெல்ட் கொக்கி கம்பியில் மாட்டிக் கழுத்து இறுகிவிடும்.

தேனி: மன்னிக்கவும். எங்கள் தோட்டத்தில் மூன்று தலைமுறையாகக் கோம்பை நாய் இருக்கிறது. ஒன்றுகூட வீட்டுக்குள் போனதில்லை, ஒன்றையும் கூண்டில் அடைத்ததில்லை. இது வெள்ளைக்காரன் பழக்கம். உயிரைக் கம்பிக்குள் வைத்துவிட்டுப் பாசம் என்கிறீர்கள்.

அம்பத்தூர்: தோட்டம் இருப்பவர் பேசலாம் சார். 600 சதுர அடி வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

ஸ்டாக்ஹோம்: நான் தஞ்சாவூர்க்காரன், இப்போது சுவீடனில் இருக்கிறேன். இங்கே வீட்டுக்குள் நாயைக் கூண்டில் அடைத்து வைக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை, பயணம் மாதிரியான தேவைகளுக்கு மட்டும்தான். இங்கேயும் குட்டிகள் பழகத்தானே செய்கின்றன?

அம்பத்தூர்: அங்கே தெருவில் பார்வோ இவ்வளவு இருக்கிறதா? வீட்டில் ஒருவர் எப்போதும் இருக்கிறாரா?

இந்தப் பேச்சு வந்ததில் எனக்குச் சந்தோஷம். தேனிக்காரர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. தோட்டத்து நாய்க்குக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது, தாய் நாயைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. அந்த வசதி இருக்கும் வீட்டில் கூண்டு அவசியமே இல்லை. ஸ்டாக்ஹோம் தம்பி சொல்வதும் சரி: சமையலறை வாசலில் ஒரு குட்டைத் தடுப்பு, இல்லையென்றால் நான்கு பக்கக் கம்பி வேலி, அதற்குள் படுக்கை, ஒரு மூலையில் மண் தட்டு. இதிலும் பழக்கலாம். நாளாகும், அவ்வளவுதான்.

ஆனால் நான் ஏன் கூண்டைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதையும் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்புக்கு மேல் தண்ணீர். என்னிடம் அப்போது இரண்டு நாய்கள். ஒன்று குட்டியிலிருந்தே கூண்டில் தூங்கிப் பழகியது. திறந்ததும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது, படகில் அப்படியே வந்தது. இன்னொன்று வளர்ந்த பிறகு என்னிடம் வந்தது, அதற்குப் பழக்கம் கிடையாது. படகில் ஏற்றும்போது மிரண்டு திமிறி, பிடித்திருந்த பையனைக் கடித்துவிட்டுத் தண்ணீரில் குதித்தது. நீந்திப் பிழைத்தது, ஆனால் அந்த ஐந்து நிமிடம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. பார்வோ வந்து குளுக்கோஸ் ஏற்ற மருத்துவமனைக் கூண்டில் படுக்க வைத்தாலும், ரயிலில் பிரேக் வேன் நாய்ப் பெட்டியில் போனாலும் இதே கதைதான். என்றாவது ஒருநாள் கதவு சாத்தித்தான் ஆகும். அன்றுதான் முதல் முறை என்று ஆகிவிடக் கூடாது.

தேனி: வெள்ளக் கதை புரிகிறது. ஆனால் சொல்லிக்கொடுத்தால் ஜனங்கள் பகல் முழுக்கப் பூட்டிவைப்பார்கள். அதற்குச் சங்கிலியே மேல்.

முதல் பாதி சரி ஐயா, அந்தப் பயம் எனக்கும் உண்டு. சங்கிலியில் மாறுபடுகிறேன். சங்கிலியில் கிடக்கும் குட்டி தான் போன இடத்துக்குப் பக்கத்திலேயே படுக்க வேண்டும், அதனால் சுத்த உணர்வே மரத்துவிடும். கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். குட்டிக்குச் சங்கிலி வேண்டவே வேண்டாம். கூண்டோ, பகலில் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு. தண்டனையாக ஒருபோதும் உள்ளே தள்ளாதீர்கள். சித்திரை வெயிலில் பால்கனியில் கூண்டை வைக்காதீர்கள், நாய் உயிரோடு வெந்துவிடும்.

தேனி: அந்தக் கணக்கை எல்லோரும் மதித்தால் எனக்கு மறுப்பில்லை.

சோழிங்கநல்லூர்: இருவருமே ஐடி, 9 முதல் 6 வரை வேலை. 8 வாரக் குட்டி. எந்தக் கூண்டு வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள். ஒன்பது மணி நேரம் எந்தக் குட்டியாலும் முடியாது. நடுவில் இரண்டு முறையாவது வந்து பார்க்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள். முடியாதென்றால் இரண்டு மூன்று வயதான ஒரு நாட்டு நாயைத் தத்தெடுங்கள், பழகிய நாய் அந்த நேரத்தைத் தாங்கும்.

கடலூர்: 12 வாரம், வீட்டுக்குள் போகிறது. என்ன செய்ய?

வேளச்சேரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூர்: 5 வாரத்தில் வாங்கினோம், இப்போது 9. கூண்டுக்குள்ளேயே போய் அதிலேயே படுக்கிறது.

8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே சொல்கின்றன. உங்களுக்கு விற்றவர் தவறு செய்திருக்கிறார். அந்தக் குட்டி தாயிடம் கற்க வேண்டியதைக் கற்கவில்லை. கடைக் கூண்டிலேயே தின்று, தூங்கி, போய்ப் பழகியிருந்தால் கூண்டு முறை இதற்கு இப்போது உதவாது. இரண்டு மாதம் கூண்டை மறந்துவிடுங்கள். கம்பி வேலிக்குள் படுக்கைப் பகுதி தவிர முழுக்க நியூஸ் பேப்பர் விரித்து, வாரம் கொஞ்சமாகப் பேப்பரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பொறுமை வேண்டும். குட்டி மேல் பிழை இல்லை.

ராஜபாளையம்: 11 வார ராஜபாளையம் ஆண். எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. வெளியே போனால் ‘குட் பாய்’ சொன்னாலும் கண்டுகொள்வதில்லை. பிடிவாதமா?

பிடிவாதம் என்று முடிவு கட்டுவதற்கு முன் காதைப் பாருங்கள். இந்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை பலரும் அறிந்த பிரச்சினை. அவன் தூங்கும்போது பின்னால் நின்று, காற்றும் தரை அதிர்வும் படாத தூரத்தில், சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது அசையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை வர முடிந்தால் நல்லது. காது கேளாத குட்டியையும் அழகாகப் பழக்கலாம். சொல்லுக்குப் பதில் கட்டை விரல் சைகை, அதே நொடியில் தின்பண்டம். அடித்துவிடாதீர்கள், எதற்கு அடி என்றே அவனுக்குத் தெரியாது.

நாகர்கோவில்: இரவு ஒன்றுக்குப் போகாமலிருக்க மாலை 5 மணிக்கே தண்ணீரை எடுத்துவிடலாமா?

நம் ஊர் வெயிலுக்குக் கூடாது. படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுங்கள், போதும். பசும்பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதை நிறுத்துங்கள். பேதியாகும் குட்டியைப் பழக்கவே முடியாது.

திண்டுக்கல்: அப்பா வேலை முடிந்து வந்ததும் ஓடிப்போய் வாலாட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுகிறது.

அது மகிழ்ச்சியும் பணிவும் கலந்தது, பழக்கக் கோளாறு இல்லை. அப்பா ஐந்து நிமிடம் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, உட்கார்ந்து, தலைக்கு மேல் கை கொண்டுபோகாமல் தொடட்டும். வளர வளரப் போய்விடும்.

பல்லாவரம்: நேற்று வரை நன்றாக இருந்தாள், இன்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறாள்.

மருத்துவர். இன்றே. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

கரூர்: பூனைக்கும் இதே முறையா?

பூனை வளர்ப்பவரிடம் கேளுங்கள்.

ஆவடி: 14 வாரம், இன்னும் வீட்டுக்குள்...

வேளச்சேரி பதில். தயவுசெய்து புதிதாகக் கேட்பவர்கள் அதை முதலில் படியுங்கள். முழுதாகப் பழக ஐந்து ஆறு மாதம் ஆகலாம், சின்ன இனங்களுக்கு இன்னும் கூடும்.

வேளச்சேரி: அக்கா, மண் தட்டில் மூன்று நாளாகப் போகிறாள்! இன்று காலை தானாகவே பால்கனிக் கதவு முன்னால் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரவு அலாரத்தை நிறுத்திவிடலாமா?

அந்தத் திரும்பிப் பார்த்ததுதான்மா இத்தனை நாள் காத்திருந்தது. இனி அவள் அங்கே நிற்கும் ஒவ்வொரு முறையும், வெறுமனே நின்றாலும்கூட, எழுந்து போய்த் திறந்துவிடுங்கள். அலாரத்தை இப்போது நிறுத்தாதீர்கள். வாரம் அரை மணி நேரமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போங்கள், விடியற்காலையோடு போய்ச் சேர்ந்துவிடும். கூண்டில் படுக்க வைக்கும்போது பெல்ட்டைக் கழற்றுகிறீர்கள்தானே?